இறந்தவன் கைப்பிரம்பு

மேனாட்டு நாவல் என்றதும் வெறுங்காதற் கேளிக்கை என்று ஒதுக்கிவிடும் அன்பர் நம்மிடையே பலர் உளர். அன்னோர் எர்னஸ்ட் ஹெமிங்வே என்னும் அமெரிக்க ஆசிரியர் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஏ பேர்வெல் டு ஆர்ம்ஸ்' என்ற நாவலை ஒருமுறை வாசித்தல் நலம். அதிலும் காதல் உண்டு. ஆயின் அது துக்கத்தினின்று தப்புவதற்கென்று ஒரு பெண் தேடிக்கொண்ட காதலாகும்.

1917-ஆம் ஆண்டின் இளவேனிற்காலம். இத்தாலியப் போர்முனையை அடுத்த கொரிஸியா நகரிலே, காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் வண்டிப் படையில் பணிபுரியும் பிரெடரிக் ஹென்றி என்னும் அமெரிக்கன், கேதரின் பார்க்லி என்னும் பிரிட்டிஷ் தாதியைச் சந்திக்கின்றான். அவள் கையில் தோலிட்டுக் கட்டிய மெல்லிய பிரம்பு ஒன்று இருக்கின்றது. (மலாய்க் காடுகளை அறிந்த நமக்குப் பிரம்பு புதிதன்று.) எட்டாண்டுக் காலம் அவளுடன் மண உறுதி பூண்டிருந்தவனுடையது அது. பிரான்ஸ் தேசத்து ஸோம் போர்க்களத்தில் அவன் மாண்டபின், உடைமைகளோடு திரும்பி வந்த அப்பிரம்பை அவன் தாய் இவளுக்கு அனுப்பினாள். வாளால் வெட்டுண்டு, தலையிற் கட்டுடன், தான் பணிபுரியும் மருத்துவமனைக்கே அவன் வருவான் என்று அவள் கற்பனை செய்திருந்தாள். அவனோ உடல் சிதறி மாண்டான்.

வாள்வெட்டும் தலைக்கட்டும் பழைய யுத்தங்களுக்கு உரியவை. 1916 ஜூலை 1 ஆகிய ஒரே நாளில் ஸோம் களத்திலே பிரிட்டிஷ் படையினர் 57,470 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் சேதமாயினர். அவர்களுள் உயிரிழந்தோர் 19,240 பேர். 1921-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களினும் பெண்கள் 17 லட்சத்துக்கு மேல் மிகுந்திருந்தனர். போர் ஒன்றே அதற்குக் காரணமன்று. எனினும் கேதரின்கள் எத்துணைப் பேர் என்பது விளங்கும்.

சந்தித்த சில நாட்களுக்குள், இரவிலே தன்னிடம் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லும்படி அவள் ஹென்றியை வேண்டுகின்றாள். அவனும் சொல்கின்றான். திரும்பி வரவேண்டியவன் யார்? புதைகுழிக்குச் சென்றவன் அன்றோ! ஹென்றிக்கு இது சீட்டாட்டம்; சீட்டுக்குப் பதில் சொற்கள். ஆயின் இது இழிந்த விளையாட்டென்று முதலில் வாய்விட்டு உரைப்பவள் கேதரினே. அவளைத் தனி மனமற்ற பாவை என்று குறைகூறும் விமரிசகர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிட்டனர் என்பது என் கருத்து. போலி மருந்தென்று அறிந்தே அருந்தும் நோயாளியை அறிவிலி என்றல் தகுமோ?

அவன் இறந்தபோது தன் கூந்தலை அறுத்தெறிய எண்ணியதாகவும் அவள் கூறுகின்றாள். நம் நாட்டிற் சில சாதியாரிடையே கைம்பெண்களின் தலையை மழித்த கொடுமை இங்கே நினைவுக்கு வாராதிருக்குமோ? கேதரினை எவரும் வற்புறுத்தவில்லை. மீண்டும் ஒருவனை நாடியதற்காக ஆசிரியர் அவளை ஒரு சொல்லாலும் இகழவுமில்லை.

இது வெறுங் கற்பனை என்பார்க்கு வேரா பிரிட்டன் அம்மையாரின் வரலாறு உண்டு. அவருக்கு மணம் பேசியிருந்த ரோலண்ட் லெய்ட்டன் 1915 டிசம்பரில் பிரான்சில் மாண்டார். 1917 ஏப்ரலில் ரோலண்டின் தோழர் விக்டர் ரிச்சர்ட்சன் அராஸ் போரிற் கண்ணிழந்தார். மால்ட்டாவில் தாதியாயிருந்த அம்மையார், விக்டரை மணந்து பேணுவதென்று துணிந்து இங்கிலாந்து திரும்பினார். ஜூன் மாதத்தில் விக்டரும் மாண்டார். இவற்றை அம்மையாரே 1933-இல் 'டெஸ்டமெண்ட் ஆப் யூத்' என்ற நூலில் எழுதினார். அத்துணிவைக் காதல் என்பதா, இறந்தவனுக்குச் செய்யும் கடன் என்பதா?

நாவலில் விளையாட்டு மெய்யாகின்றது. ஆசிரியரும் 1918 ஜூலையில் இத்தாலியில் காயமுற்று, மிலானில் தம்மைப் பேணிய தாதியை விரும்பி, பின்னர் அவளால் கைவிடப்பட்டவர். காயமுற்று அதே நகரிற் கிடக்கும் ஹென்றிக்கும் கேதரின் மேல் உண்மை அன்பு பிறக்கின்றது. அக்டோபரில் கப்பொரெட்டோவில் இத்தாலியப் படை முறிந்தோடிய பின் அவன் படையைத் துறந்து, அவளுடன் இரவெல்லாம் ஏரியிற் படகு வலித்துச் சுவிட்ஸர்லாந்து சேர்கின்றான். அங்கே லோஸான் நகரில் குழந்தை இறந்து பிறக்கின்றது. குருதிப் பெருக்கால் கேதரினும் மாள்கின்றாள். தாதியரை வெளியேற்றி, கதவை அடைத்து, விளக்கை அணைக்கின்றான் ஹென்றி. சிலையிடம் விடைபெறுவது போலிருக்கின்றது அவனுக்கு. அவளுக்கு ஒரு பிரம்பேனும் திரும்பி வந்தது. இவன் வெறுங்கையனாய் மழையில் விடுதிக்கு நடக்கின்றான்.