வார்ப்பிரும்பில் பொறித்த திகதி

1964ஆம் ஆண்டுக்கான ரகமாக, அமெரிக்காவின் பொன்ரியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் காரொன்றினுள் 389 கன அங்குல இயந்திரத்தைப் பொருத்தி, ஜீ.ரீ.ஓ. என்ற பெயரில் விற்றது. ‘மசில் கார்’ யுகம் அதனுடனேயே தொடங்கியது என்பர் பலர். அக்காரின் சிலிண்டர் ஹெட்டுகள் வார்ப்பிரும்பாலானவை. வெளியேற்று வால்வு வந்தமரும் இருக்கையும் அதே இரும்பில் கடைந்ததுதான். பெற்றோலில் கலந்திருந்த ஈயம் அவ்விருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து, தேய்வைத் தடுத்தது.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தோடு நிலைமை மாறத் தொடங்கியது. ஈயம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1996 ஜனவரி முதலாந் திகதியுடன் வீதி வாகனங்களுக்கு முற்றாகத் தடைசெய்யப்பட்டது. மக்களின் உடல்நலத்துக்கு அது நன்மையே. ஆனால், கடும் ஓட்டத்தில் பழைய இருக்கைகள் தேயலாயின.

உரிமையாளர் முன் இரு வழிகள் உள்ளன. எடெல்புறொக் போன்ற நிறுவனங்களின் அலுமினிய ஹெட்டுகளை வாங்கலாம்; எடை ஏறத்தாழப் பாதி, கடினமான இருக்கைகளும் உடன் வரும். அல்லது, பழையதை வெடிப்பு உண்டா எனச் சோதித்து, இருக்கையைக் கடைந்தெடுத்து, கடின உலோக வளையத்தை இறுக்கிப் பொருத்தலாம். இதற்கான செலவு சிலவேளை புதியதன் விலையை எட்டிவிடும்.

ஆயினும், பழைய ஹெட்டில் வார்ப்பு இலக்கமும் வார்த்த திகதியும் பொறிக்கப்பட்டுள்ளன. கார் தொழிற்சாலையிலிருந்து எவ்வாறு வெளிவந்தது என்பதற்கு அவை சாட்சி. ஓட்டத்துக்குப் புதியதைப் பூட்டுவதில் தவறில்லை. கழற்றியதை மட்டும் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுத்துவிடாது, எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துதல் நன்று.