ராஜசாரஸும் காட்டுச்சேவலும்

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் டைனோசர் எலும்பு தேடுவது வீண்வேலை. ஹந்தானையும் நக்கிள்ஸும் எழுந்து நிற்கும் பாறை, முதல் டைனோசர் பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிவிட்டது. ஆனால் இரண்டு காலில் நடக்கும் தெரோபாட் வகை டைனோசர் ஒன்றை உயிரோடு பார்க்க வேண்டுமானால், அதே நக்கிள்ஸ் காட்டோரம் விடியற்காலையில் போனால் போதும். சருகைக் கிளறிக்கொண்டு திரியும் இலங்கைக் காட்டுக்கோழி, நாட்டின் தேசியப் பறவை, அந்தக் குலத்தின் வாரிசுதான். அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இன்னொன்று வேண்டும். குஜராத்தின் ரஹியோலியில் 1980களில் தோண்டியெடுக்கப்பட்டு, 2003இல் பெயரிடப்பட்ட ராஜசாரஸ் நர்மதென்சிஸ் என்ற ஊனுண்ணி டைனோசரை எடுத்துக்கொள்வோம்.

இரண்டுக்கும் தலையில் அலங்காரம் உண்டு. ராஜசாரஸுக்கு மூக்கெலும்பும் நெற்றியெலும்பும் சேர்ந்து உயர்ந்த, மழுங்கிய ஒரு கொம்பு. சேவலுக்கு நடுவில் மஞ்சள் படர்ந்த சிவப்புக் கொண்டை. முன்னது எலும்பு, பின்னது வெறும் சதை. இந்த ஒற்றுமையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தலையை அலங்கரிக்கும் வழக்கம் விலங்குகளில் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. உறவைத் தேட வேண்டிய இடம் கால்.

சேவல் சருகைக் கிளறும்போது அதன் காலைக் கவனியுங்கள். மூன்று விரல்கள் முன்னோக்கி விரிந்து மண்ணைப் பற்றுகின்றன. முழங்கால் பின்புறமாக மடிவதுபோல் தோன்றும் அந்த மூட்டு உண்மையில் கணுக்கால். குதிகால் தரையைத் தொடுவதே இல்லை. ராஜசாரஸின் பாரத்தைத் தாங்கியதும் இதே அமைப்புதான்: மூன்று விரல், உயர்ந்த கணுக்கால். ஏழு மீட்டரை நெருங்கிய உடலுக்கும் ஒரு கிலோவைச் சுற்றிய உடலுக்கும் ஒரே அச்சு.

ஆனால் நடை வேறு. ராஜசாரஸ் தொடையையே முன்னும் பின்னும் வீசி நடந்தது. கனத்த வாலிலிருந்து தொடையெலும்புக்கு ஓடிய தசை அதை இழுத்தது. சேவலின் வாலெலும்பு குறுகிவிட்டது. அழகாக வளைந்து தொங்குவது இறகு மட்டுமே. உடலின் எடை முன்னால் நகர்ந்ததால், தொடையைக் கிடையாக வைத்துக்கொண்டு முழங்காலுக்குக் கீழேதான் அது அதிகம் அசைக்கிறது. 2014இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் கோழிக்குஞ்சுகளின் பின்புறத்தில் எடையுள்ள குச்சியை வாலாகக் கட்டி வளர்த்தார்கள். பார்க்கச் சிரிப்பு வரும் ஏற்பாடு. ஆனால் அந்தக் கோழிகள் தொடையை நிமிர்த்தி, கூடுதலாக வீசி நடந்தன.

மூச்சிலும் இதே கதை. வீட்டில் கோழி வெட்டியவர்களுக்குத் தெரியும், நுரையீரல் விலா எலும்புகளின் இடுக்கில் அழுந்திக் கிடக்கும்; விரலால் வழித்துத்தான் எடுக்க வேண்டும். அது நம்முடையதைப் போல விரிந்து சுருங்குவதில்லை. உடலெங்கும் உள்ள காற்றுப்பைகள் துருத்தியாக நின்று அதனூடே காற்றைச் செலுத்துகின்றன. அந்தப் பைகளின் கிளைகள் முதுகெலும்புக்குள்ளும் புகுந்து துளை விடும். ராஜசாரஸின் நெருங்கிய உறவான, மடகாஸ்கரில் கிடைத்த மஜுங்கசாரஸின் முதுகெலும்பிலும் அதே மாதிரித் துளைகள் இருப்பதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. பறப்பதற்காக வந்த வசதி என்று நாம் நினைத்திருந்தது, பறக்கவே முடியாத ஊனுண்ணியிடமும் இருந்திருக்கிறது.

கையில் மட்டும் இரண்டும் எதிரெதிர் திசையில் போயின. ராஜசாரஸின் குடும்பமான அபெலிசாரிடுகளில் கை சுருங்கிச் சுருங்கி, பயனற்ற குச்சியாகவே ஆகிவிட்டது. பறவையை நோக்கிய கிளையில் கை நீண்டு, மணிக்கட்டு பக்கவாட்டில் மடியக் கற்று, சிறகாயிற்று.

ஆகவே ராஜசாரஸைச் சேவலின் பாட்டன் என்று சொல்லிவிட முடியாது. காலக்கணக்கும் அதற்கு இடம் தராது. ராஜசாரஸ் நர்மதைக் கரையில் வேட்டையாடிய அதே யுகத்தின் முடிவில், 6.67 கோடி ஆண்டுகளுக்கு முன், கோழிக்கும் வாத்துக்கும் நெருங்கிய ஆஸ்டெரியோர்னிஸ் என்ற பறவை இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்திருக்கிறது. பல தலைமுறைக்கு முன்பே பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள் இவர்கள்.

கிட்டிய பங்காளியைப் பார்க்க பாக்கு நீரிணையைத் தாண்டினால் போதும். அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் பிரமாண்டமான எலும்புகள் கிடைத்தன. புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு முதலில் ஊனுண்ணிகளோடு சேர்த்தார்கள். பிறகு அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்ற கருத்தே நிலைத்தது. நாம் தேடும் பங்காளி அதுவல்ல; அதே கல்லமேட்டுப் படிவத்திலிருந்து ஒரே ஒரு சிறிய பல் வந்தது. அது ட்ரூடாண்டிட் இனத்தின் பல் என 2013இல் அறிவித்தார்கள். பறவைகளுக்கு மிக நெருங்கிய டைனோசர்களில் ட்ரூடாண்டிடுகளும் அடங்கும். அந்த அடையாளம் சரியானால், உறவுமுறையில், குஜராத்தின் அத்தனை எலும்புகளைக் காட்டிலும் நக்கிள்ஸ் சேவலுக்கு அருகில் நிற்பது இந்த ஒற்றைப் பல்.

சேவலுக்கோ பல்லே இல்லை. ஆனாலும் பற்சிப்பியை உருவாக்கும் மரபணு, சிதைந்து செயலிழந்த நிலையில், கோழியின் மரபணுத் தொகுதியில் இன்னும் கிடக்கிறது. 2006இல், ஒரு திரிபு கொண்ட கோழிக் கருக்களின் தாடையில் பல்லின் தொடக்க மேடுகள் முளைத்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அவை கூம்பு வடிவில், முதலைக் கருவின் பல்லை ஒத்திருந்தன.