படுக்கைத் துணியும் வெளுப்போரும்: வண்ணார் துறை முதல் கோபர்கைரனே வரை

முன்னுரை

தமிழர் ஆடை குறித்து ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. நெசவு, சாயம், வணிகம், உடுத்தும் முறை ஆகியன அவற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. நெய்து உடுத்திய துணி அழுக்கேறிய பின் யார் கையால், எங்கு, எவ்வாறு தூய்மை பெற்றது என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. படுக்கைத் துணியைப் பொறுத்தவரை இக்குறை மேலும் மிகுதி. உடுத்திய வேட்டியையும் சேலையையும் அவரவர் நீராடும்போதே அலசிக் கொள்ள இயலும். விரிப்பும் போர்வையும் அத்தகையன அல்ல. நனைந்தால் அவை கனக்கும். பிழிய இருவர் வேண்டும். உலர்த்த நீண்ட இடம் வேண்டும். மூன்று தலைமுறையினர் கூடி வாழும் வீட்டில் இப்பணி வாரந்தோறும் குவிந்து வருவது.

இப்பெருஞ்சுமையை யார் சுமந்தனர் என்பதை இலக்கியம், கல்வெட்டு, வழக்காறு ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. மும்பைப் பெருநகரின் கிழக்கே நவி மும்பையில் அமைந்த கோபர்கைரனே போன்ற குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வரை இவ்வரலாறு தொடர்கிறது. பெருங்குடும்பத்தின் படுக்கைத் தூய்மை முதலில் சாதிக் கடமையாகவும், பின்னர் வீட்டுப் பெண்களின் கணக்கில் வராத உழைப்பாகவும் நிலைபெற்றது என்பதே இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்தாகும்.

சங்க இலக்கியச் சான்றுகள்

படுக்கைத் துணி துவைக்கப்பட்டமைக்குத் தெளிவான பழஞ்சான்று நெடுநல்வாடையில் உள்ளது. பாசறையிலுள்ள மன்னனைப் பிரிந்து வாடும் அரசியின் கட்டிலை நக்கீரர் விரிவாகப் புனைந்துரைக்கிறார். அன்னத்தூவி இட்ட அணையின் மேல் கஞ்சியிட்டுக் கழுவிய தூய மடித்துணி விரிக்கப்பட்டிருந்ததை அப்பகுதி கூறுகிறது. கட்டிலின் தந்த வேலைப்பாட்டைச் சொன்ன புலவர் விரிப்பின் சலவையையும் சொல்லத் தவறவில்லை. ஆயினும் அதனைக் கழுவியவர் யார் என்பது அங்கு இல்லை.

கழுவியவரைப் பிற பாடல்களில் காணலாம். ‘புலைத்தி’ எனச் சங்கப் பாடல்கள் குறிக்கும் பெண்ணை உரையாசிரியர்கள் வண்ணாத்தி என்றே கொண்டனர். களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் துணி வெளுத்ததைப் புறநானூறு (311) கூறும். பசையில் தோய்த்த துணியைக் கல்லில் அடித்து, முறுக்கவிழாமல் குளிர்ந்த குளத்தில் இடும் அவளது செய்முறையைக் குறுந்தொகை (330) ஓர் உவமைக்குள் அடக்கிக் காட்டும். பசையால் தேய்ந்த அவளுடைய விரல்களை அகநானூறு (34) குறிக்கும்.

இவற்றுள் நற்றிணை (90) தனிக் கவனத்திற்குரியது. விழாக்காலத்து ஊரில் உடுப்போர் பலராயிருத்தலின் அவளுடைய கை ஓய்வறியாது இயங்குவதையும், சோற்றுக் கஞ்சியிட்டு அவள் இரவிலும் துணி தோய்ப்பதையும் அப்பாடல் சுட்டுகிறது. ஆட்கள் பெருகத் துணி பெருகும். துணி பெருகக் கை ஓயாது. பெருங்குடும்பச் சலவையின் அடிப்படைச் சிக்கல் இங்கேயே சொல்லப்பட்டு விடுகிறது. வெண்மையைப் போற்றிய சமூகம் அவ்வெண்மையை உண்டாக்கியவளுக்குப் ‘புலை’ என்னும் சொல்லடிப் பெயரை வழங்கியது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

துறை, பாறை, வெள்ளாவி

சோழர் காலச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் சுட்டும் வரியினங்களுள் ‘வண்ணாரப்பாறை’ என்பதும் ஒன்று. ஆனைமங்கலச் செப்பேட்டின் வரிப்பட்டியலில் இது இடம்பெறுகிறது. துணி துவைக்கும் கல்லும் அரசின் வருவாய்க்கு உரியதாயிற்று எனின், அத்தொழில் ஊர்ப் பொருளாதாரத்தில் பெற்றிருந்த நிலையான இடம் புலனாகும்.

வண்ணாரின் தொழில்நுட்பத்தில் மையமானது வெள்ளாவி. அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, நீர் கொதிக்கும் பெரும்பானையின் மேல் சுருளாக அடுக்கி, அடியில் தீயிட்டு இரவு முழுவதும் ஆவியேற்றுவர். மறுநாள் துறையில் கல்லில் அடித்து, அலசி, வெயிலில் விரிப்பர். பின்னர்த் தேவைக்கேற்பக் கஞ்சியும் நீலமும் இடுவர். உவர்மண்ணின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும். கொதியாவி பேன் முதலியவற்றை அழிக்கும். பல வீட்டுத் துணிகள் ஒரே பானையில் வேகுமாதலின், எவ்வீட்டுத் துணி எது என அறியச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவர். அக்குறி எளிதில் அழியாது.

ஒரு வீட்டுக்கென வெள்ளாவி வைத்தல் விறகுக்கும் உழைப்புக்கும் கட்டுபடியாகாது. பல வீட்டுப் பொதிகள் சேர்ந்தபோதே அது பயன் தந்தது. பெரிய விரிப்பும் கனத்த போர்வையும் வீட்டில் துவைக்கப்படாமல் துறைக்குச் சென்றமைக்கு இத்தொழில்நுட்பக் காரணம் ஒன்று.

தீட்டும் மாற்றும்

மற்றொரு காரணம் சமூகம் சார்ந்தது. பூப்பு, மகப்பேறு, நோய், இறப்பு ஆகிய நான்கும் படுக்கைத் துணியிலேயே தம் தடத்தைப் பதிக்கின்றன. தீட்டு எனக் கருதப்பட்ட இத்துணிகளை வீட்டார் தொடுதல் விலக்கப்பட்டிருந்தது. தீட்டுக் காலத்தில் உடுத்தவும் விரிக்கவும் வண்ணார் வீட்டிலிருந்து தூய துணி கொண்டுவரப்படும். இதனை ‘மாற்று’ என வழங்கினர். ஈமச் சடங்கில் நடைபாதையில் துணி விரித்தல் ‘நடைமாற்று’ எனப்பட்டது. ஒரு குடும்பத்தின் மிக அந்தரங்கமான செய்திகளை முதலில் அறிந்தவர் வண்ணாத்தியே. அச்செய்திகளைத் தாங்கிய துணியைத் தொட்ட காரணத்தாலேயே அவர் அவ்வீட்டின் உள்ளறைக்குள் நுழையத் தகாதவர் ஆக்கப்பட்டார். இம்முரணே படுக்கைத் துணி வரலாற்றின் மையமாகும்.

இவ்வுழைப்பிற்குத் துணிக் கணக்கில் கூலி இல்லை. அறுவடைக் களத்தில் பெறும் நெல்லும் அன்றாடம் மாலையில் வீடுதோறும் எடுக்கும் சோறுமே ஊதியம். களத்து நெல் ‘சுதந்திரம்’ என வழங்கப்பட்டது. உரிமை என்னும் பொருள்படும் இச்சொல் நடைமுறையில் கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்தே இருந்தது. துவைக்க வேண்டிய துணி பத்தாயினும் ஐம்பதாயினும் பெறும் நெல் அதற்கேற்ப உயரவில்லை. குடும்பம் பெருகப் பெருகக் கூடிய சுமையை ஏற்றவர் வெளுப்பவரே. ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவருக்கு வண்ணாரும் நாவிதரும் பணி செய்யக்கூடாது என விலக்கு விதிக்கும் வழக்கம், இவ்வுழைப்பின் இன்றியமையாமையை ஊரார் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

ஒடுக்கப்பட்டோருள்ளும் ஒடுக்கப்பட்டோராகப் பட்டியல் சாதியினருக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரின் வாழ்வை இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) புதினம் பதிவு செய்தது. அதன் மையப்பாத்திரமான ஆரோக்கியம் வீடுவீடாக அழுக்குத் துணி எடுப்பதும் இராச்சோறு பெறுவதும், நெல்லும் சோறுமாக இருந்த இவ்வுறவு தளர்ந்துவரும் காலத்தின் சித்திரங்கள். அப்புதினம் வெளிவந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே தமிழக அரசு புதிரை வண்ணார் நல வாரியத்தை அமைத்தது.

ஊர்க்கடமையிலிருந்து உருப்படிக் கூலிக்கு

சலவைத் தொழில் நகரத்தை அடைந்தபோது அதன் அடிப்படை மாறியது. கிழக்கிந்தியக் கும்பினியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்களின் குடியிருப்பாகச் சென்னையில் வண்ணாரப்பேட்டை உருவாயிற்று. கொச்சிக் கோட்டைப் பகுதியில் தமிழ் வண்ணார் சமூகத்தினர் இன்றும் சலவைத் தொழில் புரிகின்றனர். டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் அங்குக் கொண்டுவரப்பட்டனர் என்பது அவர்தம் மரபுச் செய்தி. பம்பாயில் மகாலட்சுமிப் பகுதியின் பெருஞ்சலவைத்துறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. அங்குத் துவைப்போர் ஊருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்; உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவர். விடுதிகளின் விரிப்புகளும் மருத்துவமனைகளின் துணிகளும் இத்தகைய துறைகளுக்குச் சென்றன.

உருப்படிக் கூலி வெளுப்பவருக்கு ஓரளவு விடுதலை. பெருங்குடும்பத்திற்கோ அது புதிய நெருக்கடி. துணியின் எண்ணிக்கைக்கேற்பக் காசு தரவேண்டிய நிலையில், தொழிலாளர் குடும்பங்கள் படுக்கைத் துணியைச் சலவைக்குப் போடுதல் இயலாததாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கெனத் தாராவியில் குடியேறிய தமிழர்களின் நிலை இதுவே. ஒற்றை அறையில் பலர் உறங்கினர். குழாயில் நீர் சில மணி நேரமே வந்தது. அந்நேரத்திற்குள் குடிநீர் பிடித்தல், குளித்தல், துவைத்தல் அனைத்தும் நிகழ வேண்டும். விரிப்பும் போர்வையும் இங்கு வீட்டுப் பெண்களின் கைக்கு வந்து சேர்ந்தன.

1959இல் சர்ஃப், 1969இல் நிர்மா எனச் சலவைத்தூள்கள் அறிமுகமாயின. உவர்மண்ணும் வெள்ளாவியும் செய்த வேலையை வாளியும் தூளும் செய்யலாயின. துறையின் தொழில்நுட்பம் வீட்டுக் குளியலறைக்குள் சுருங்கியது. விளம்பரங்கள் பேசியது வெண்மையைப் பற்றி. வண்ணாரிடமிருந்து இல்லத்தரசிக்கு மாறிய உழைப்பைப் பற்றி அவை பேசவில்லை.

கோபர்கைரனே: இடமும் நீரும் கயிறும்

மும்பையின் நெரிசலைக் குறைக்க 1970இல் நிறுவப்பட்ட சிட்கோ, கடற்கழிக்கு அப்பால் நவி மும்பையை உருவாக்கியது. அதன் குடியிருப்புகளுள் ஒன்று கோபர்கைரனே. 1992இல் நவி மும்பைக்கெனத் தனி மாநகராட்சி அமைந்தது. 2004இல் தாணேவிலிருந்து இவ்வழியே புறநகர் இரயில் ஓடத் தொடங்கியது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய பழைய குடியிருப்புகளில் இடம் போதாத நிலையில், தமிழ்க் குடும்பங்கள் நவி மும்பையின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் குடியேறின. சிட்கோவின் சிறிய வரிசை வீடுகளிலும் அடுக்கு வீடுகளிலும் பெற்றோர், மணமான மகன், பேரக்குழந்தைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவினர் எனப் பலர் கூடி வாழும் குடும்பங்கள் உண்டு.

பத்துப் பேர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கொண்டு இச்சுமையைக் கணக்கிடலாம். ஆளுக்கொரு விரிப்பு, ஒரு போர்வை, ஒரு தலையணை உறை எனின் வாரத்திற்கு 30 உருப்படிகள். விரிப்பு அரைக் கிலோ, போர்வை முக்கால் கிலோ, உறை நூறு கிராம் எனக் கொண்டால் உலர்ந்த எடையே 13 கிலோவிற்கு மேல். ஆறு கிலோ துவைப்பு இயந்திரத்திற்கு இது மூன்று சுற்று. ஊரிலிருந்து கொண்டுவரும் சென்னிமலைப் போர்வைக்குப் பதிலாக மகாராட்டிரத்தில் பரவலாகக் கிடைக்கும் கனத்த சோலாப்பூர்ப் போர்வை இருப்பின் எடை மேலும் கூடும்.

எனினும் உண்மையான தடை இயந்திரத்தில் இல்லை, கயிற்றில் உள்ளது. ஐந்தடி அகல விரிப்பை நெடுக்கில் இரண்டாக மடித்துக் கயிற்றிலிட்டால் ஐந்தடிக் கயிறு வேண்டும். இருபது விரிப்பு, போர்வைகளுக்கு நூறடி. பத்தடி மாடத்தில் நான்கு கயிறு கட்டினும் நாற்பதடியே கிடைக்கும். ஆகவே ஒரே நாளில் துவைத்து முடிக்கும் பழைய துறை முறை இங்குப் பொருந்தாது. நாளொன்றுக்கு ஒருவர் அல்லது இருவர் படுக்கை எனப் பகிர்ந்து துவைப்பதும், ஆளுக்கு இரண்டு தொகுதி வைத்து மாற்றுவதுமே சுமையைக் கட்டுக்குள் வைக்கும் வழிகள். ‘மாற்று’ என்னும் சொல் தீட்டின் பொருளை இழந்து, அடுத்த முறைக்கான துணி என்னும் பொருளில் இங்குப் புழங்க இடமுண்டு.

சூன் முதல் செப்டம்பர் வரை இவ்வேற்பாடும் நிலைகுலையும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இப்பகுதியில் அம்மாதங்களில் கனத்த துணி உலர நாட்கள் ஆகும். பெரியபுராணம் கூறும் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. காஞ்சியின் ஏகாலியர் குலத்தவரான அவர், அடியாராக வந்த இறைவனின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக வாக்களித்தார். மழை விடாது பெய்தது. குளிரில் அடியாருக்கு மாற்றுத் துணி இல்லையே என நொந்து துவைக்கும் பாறையில் தலையை மோதினார். துவைத்தல் மனிதர் கையில், உலர்த்தல் வானத்தின் கையில் என்னும் நடைமுறை உண்மை அப்பக்திக் கதையின் அடியில் உள்ளது. மழை ஏமாற்றினும் பழி துவைப்பவர் மேல் விழும் என்பதும் அதில் உள்ளது.

சுமை மாறிய கைகள்

துவைப்பு இயந்திரம் கல்லில் அடிக்கும் வேலையை நீக்கியது. படுக்கையைக் களைதல், கறையைத் தேய்த்தல், பிரித்தல், உலர்த்துதல், மழை வந்தால் ஓடி எடுத்தல், மடித்தல், மீண்டும் விரித்தல் ஆகியன அப்படியே உள்ளன. இந்தியாவில் 2019இல் நடத்தப்பட்ட காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். வீட்டுவேலைக்கு ஆள் அமர்த்தும் குடும்பங்களிலும் அவ்வாள் பெரும்பாலும் மற்றொரு பெண்ணே.

ஊரில் வண்ணாத்தி பெற்ற நெல் துணியின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தவில்லை. நகரில் வீட்டுப் பெண்ணின் உழைப்பிற்கு அந்த நெல்லும் இல்லை. சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கடமை, பாசத்தின் பெயரால் சுமத்தப்படும் கடமையாயிற்று. முன்னதன் ஒழிவு வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒருவர் தோளிலிருந்து இறங்கிய பொதி தரையில் இறங்கவில்லை என்பதையும் ஆய்வுலகம் காணவேண்டும்.

முடிவுரை

பெருங்குடும்பத்தின் படுக்கைத் துணியை அக்குடும்பம் முழுவதும் கூடித் துவைத்ததற்கு மேற்கண்ட சான்றுகளில் இடமில்லை. சங்கப் பாடல்கள் புலைத்தியின் ஓயாத கையையும் தேய்ந்த விரலையும் குறித்தன. கோபர்கைரனேயின் மாடத்தில் ஈரப் போர்வையை முறுக்கிப் பிழியும் கைகளைப் பற்றி அத்தகைய பதிவுகள் அரியன. வெள்ளாவி, பொதி, மாற்று, சேங்கொட்டைக் குறி முதலிய சொற்களை அறிந்த முதியோர் தமிழகத்திலும் மும்பையிலும் இன்னும் உள்ளனர். அவர்தம் வாய்மொழியைத் திரட்டுவது சொல்லகராதிப் பணி மட்டுமன்று. யாருடைய உழைப்பின் மேல் ஒரு குடும்பம் உறங்கியது என்னும் வரலாற்றை எழுதும் பணியுமாகும்.