கோயிற்கல்லில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்

பழங்கோயில்களின் விமானத்திலும் மதிலிலும் மழைநீர் வழியும் தடத்தையொட்டிப் படர்ந்திருக்கும் கருமையில் பெரும்பகுதி நீலப்பச்சைப் பாசியால் ஆனது. குளோயியோகேப்சா, சைட்டோனீமா முதலிய இனங்கள் கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கத் தம் உறையில் நிறமியைச் சேர்த்துக்கொள்கின்றன. கோடை முழுதும் கருகிய தோல்போலக் கிடக்கும் அந்தப் படலம், மழை பட்டதும் உப்பிப் பச்சை காட்டும். நின்றிருந்த ஒளிச்சேர்க்கை மீண்டும் தொடங்கும். கொடுங்கையின் மேற்புறமும் சிற்பங்களின் மடிப்பும் நீர் தேங்கும் தளமும் இதற்கு உகந்த இடங்கள்.

இவற்றுக்கு மண் வேண்டாம். ஒளியும் ஈரமும் காற்றும் போதும். இவை மடிந்து சேரும் மக்கில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் குடியேறும். பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் கற்பாசியும் வட்டவட்டமாகப் படரும். செட்டிநாட்டுச் சமையலுக்கு மணம் தரும் கல்பாசியும் இவ்வகையே. பாறையோடு ஒட்டி வளரும் இனங்கள் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுகூட விரிவதில்லை. பெரிய ஆபத்து, இந்த மக்கைப் பற்றிக்கொண்டு பறவைகளின் எச்சத்திலிருந்து முளைக்கும் அரசும் ஆலும்தான்.

கேடு விளையும் விதம் பல. பூஞ்சையிழை துகள்களின் இடுக்கில் நுழைகிறது. நுண்ணுயிர்களின் பசைப்படலம் நனையும்போது ஊதியும் காயும்போது சுருங்கியும் கல்லின் மேற்பரப்பைத் தளர்த்துகிறது. கற்பாசி சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் கல்லிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கால்சியம் ஆக்சலேட்டாகிறது. வௌவால், புறா எச்சங்களிலிருந்து எழும் அம்மோனியாவைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரிக் அமிலமாக்குகின்றன.

எல்லாக் கல்லும் ஒன்றுபோல் இடம் கொடுப்பதில்லை. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல்லில் நுண்துளைகள் மிகக் குறைவு. உயிர்கள் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகின்றன. அதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு முன் இராசசிம்ம பல்லவன் எடுத்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் நிலை வேறு. அதன் அடித்தளம் கருங்கல், மேற்கட்டு மணற்கல். மணற்கல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் உயிர்கள் உள்ளே இறங்குகின்றன. மழையும் உப்பும் சேரும்போது மணல்மணலாக உதிர்கிறது. திருச்சுற்றின் சிற்றாலயங்களில் 1931-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் கண்டறிந்த பல்லவ ஓவிய எச்சங்கள் இருப்பதால், அங்கே பாசிக்கொல்லி தெளிப்பதற்கும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

திருப்பணி என்ற பெயரில் செய்யப்பட்ட மணல்வீச்சு, எந்தப் பாசியும் செய்யாத சேதத்தைச் சில நாளில் செய்துவிட்டது. ஆழமற்ற கல்வெட்டெழுத்தும் உளிநயமும் அதில் மழுங்கின. சொரசொரப்பான புதுமுகத்தில் தூசியும் ஈரமும் எளிதில் தங்குவதால் பாசி முன்னிலும் விரைவாகப் படரும். கற்பாசியைக் காய்ந்த நிலையில் சுரண்டினால் கல்லின் துகள்களும் கூடவே பெயரும். நனைத்து இளக்கி, நீர்த்த அம்மோனியாக் கரைசலும் மென்தூரிகையும் கொண்டு, மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்த்தபின் செய்வதே தகும்.

நுண்ணுயிரையே மருந்தாக்கிய முயற்சிகளும் உண்டு. மிலான் பேராலயத்துச் சலவைக்கல்லின் கரும்படிவத்தை, சல்பேட்டை உண்ணும் டீசல்ஃபோவிப்ரியோ பாக்டீரியாவைக் கொண்டு அகற்றிக் காட்டினர். பிரான்சின் துவார் நகரில் 1993-இல், சுண்ணாம்பைப் படியவைக்கும் பாக்டீரியாவைத் தேவாலயக் கோபுரத்தில் தெளித்துக் கல்லின் மேற்பரப்பை இறுக்கினர். முறை எதுவாயினும், அடைபட்ட கோமுகமும் ஒழுகும் தளமும் முதலில் சரிசெய்யப்பட வேண்டும். இல்லையேல் சில மழைக்காலங்களுக்குள் பாசி பழைய தடத்திலேயே மீண்டும் படரும்.