ஐல் ஆஃப் வைட் தேனீக்களைக் கொன்றது யார்?

தேனீக்களுக்கு முதல் எதிரி யாருன்னு இன்னிக்குக் கேட்டா, கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க "வர்ரோவா உண்ணி"ன்னு டக்குனு சொல்லிடுவாங்க. சரியான பதில்தான். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே இன்னொரு உண்ணி மேல ஒரு பெரிய கொலைக்கேஸ் போட்டாங்க. நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கேஸ் ஒழுங்கா முடியலை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

இடம்: இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய ஐல் ஆஃப் வைட் தீவு. காலம்: 1904-க்கும் 1906-க்கும் இடையில். நல்லா பறந்துட்டிருந்த தேனீக்கள் திடீர்னு தரையில ஊர ஆரம்பிச்சுது. வயிறு உப்பி, இறக்கை விரிஞ்ச மாதிரி கோணிக்கிட்டு, புல்லுல ஏறி ஏறி விழும். பறக்க முடியாது. பெட்டி பெட்டியா காலி. கொஞ்ச வருஷத்துல இந்த நோய் கடலைத் தாண்டி பிரிட்டன் முழுக்க பரவிடுச்சு. தீவோட பேரே நோய்க்கும் பேராச்சு.

அரசாங்கம் சும்மா இருக்கலை. ஆராய்ச்சிக் குழு போட்டாங்க. 1912-ல வந்த அறிக்கை, "குற்றவாளி நோசிமா"ன்னு சொல்லிச்சு. 1909-ல ஜெர்மனியின் எனோக் சாண்டர் பேர் வெச்ச, தேனீயின் குடலில் வாழற நுண்ணுயிர் அது. கேஸ் முடிஞ்சதுன்னு பார்த்தா, ஸ்காட்லாந்தில் அபர்தீன்ல இருந்த ஜான் ரென்னி இடிச்சார். நோய் வந்த பெட்டியில நோசிமா இல்லை, நோய் வராத பெட்டியில இருக்கு. அப்புறம் எப்படி?

ரென்னியோட குழுவில் இருந்த எல்சி ஹார்வி, 1919 கடைசியில தேனீயின் மூச்சுக்குழாய்க்குள்ள எதையோ பார்த்தார். 0.2 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு உண்ணி! குடும்பம் குட்டியோட அங்கேயே வாழ்ந்து, குழாயைத் துளைச்சு ரத்தம் குடிக்குது. 1921-ல இதை முறைப்படி வெளியிட்டாங்க. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த உட் என்பவரின் பேரைச் சேர்த்து வெச்சாங்க. இன்னிக்கு அதோட பேர் அகாரபிஸ் உடி.

உலகமே நம்பிடுச்சு. அமெரிக்கா பயந்துபோய் 1922-ல வெளிநாட்டுத் தேனீ உள்ளே வரக்கூடாதுன்னு சட்டமே போட்டுது. (1984-ல அந்த உண்ணி டெக்சாஸ் வழியா எப்படியோ உள்ளே வந்துட்டது, நிறைய கூட்டங்களையும் சாய்ச்சுது. அது தனிக்கதை.)

இந்த இடத்துல பக்ஃபாஸ்ட் மடத்தின் பிரதர் ஆடம் பத்தி சொல்லியே ஆகணும். டெவன் பகுதியில இருந்த அந்த மடத்தில் 46 கூட்டங்கள் இருந்தது. 1916-ல மிஞ்சினது 16. பிழைச்சதெல்லாம் இத்தாலியத் தேனீ கலந்த வம்சம். "ஏன் இதுங்க மட்டும் சாகலை?"ங்கிற கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு அவர் வாழ்நாள் முழுக்க இனக்கலப்பு பண்ணினார். இன்னிக்கு உலகம் பூரா வளர்க்கிற பக்ஃபாஸ்ட் தேனீ அப்படி வந்ததுதான்.

சரி, உண்ணிதான் கொலைகாரனா? இங்கதான் ட்விஸ்ட். ராத்தம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தின் லெஸ்லி பெய்லி 1960-களில் பழைய ஃபைல்களைத் திரும்பத் தோண்டினார். அவர் கேட்டது எளிமையான கேள்வி. உண்ணி இருக்கிற தேனீ எத்தனையோ நல்லாத்தான் பறக்குது. அப்போ ஊர்ந்துபோற தேனீயை உண்ணிதான் முடக்குதுன்னு எப்படிச் சொல்றது? 1963-ல அவர் குழு நாட்பட்ட வாத வைரஸைப் பிரிச்செடுத்தது. அதோட அறிகுறி: நடுக்கம், உப்பின வயிறு, கோணின இறக்கை, பறக்க முடியாம ஊர்றது. அப்படியே தீவுல பார்த்த காட்சி! கூட்ட நெரிசல்ல இந்த வைரஸ் வேகமாப் பரவும். அந்தக் காலத்துல மேய்ச்சலுக்கு மீறின பெட்டிகள், மோசமான வானிலை, எல்லாம் சேர்ந்ததுதான் காரணம்னு 1964-ல எழுதினார். ஐல் ஆஃப் வைட் நோய்ங்கிற ஒற்றை நோயே ஒரு கட்டுக்கதைன்னுட்டார்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின கதை. சர்வர் விழுந்த நேரத்துல லாக்ல ஒரு எரர் தெரியும். அதுதான் காரணம்னு எல்லாரும் கை காட்டுவாங்க. அதே எரர் சர்வர் நல்லா ஓடின நாட்கள்லயும் இருந்துச்சான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. ரென்னி நோசிமா விஷயத்தில் அதைப் பார்த்தார். அவர் கண்டுபிடிச்ச உண்ணிக்கு அதே கேள்வியைக் கேட்க இன்னும் நாப்பது வருஷம் ஆச்சு.

அதுக்காக உண்ணி நிரபராதின்னு சொல்லலை. பல நேரத்துல உண்ணியும் வைரஸும் கூட்டுக் களவாணிங்க. ஹவாய்க்கு வர்ரோவா 2007-ல வந்தது. அது பரவின தீவுகளில் இறக்கையை உருக்குலைக்கிற வைரஸ், சுமார் 10 சதவீதக் கூட்டங்களிலிருந்து கிட்டத்தட்ட எல்லாக் கூட்டங்களுக்கும் போயிடுச்சுன்னு 2012-ல ஒரு ஆய்வு காட்டிச்சு. அந்த வர்ரோவா தேனீ ரத்தத்தைக் குடிக்குதுன்னுதான் பல வருஷம் பாடப்புத்தகத்தில் இருந்தது. முக்கியமா அது தின்கிறது கொழுப்புத் திசுவைன்னு சாமுவேல் ராம்சே குழு நிரூபிச்சது 2019-லதான்.

யார் குற்றவாளிங்கிறதைப் பொறுத்துத்தான் மருந்தும் மாறும். உண்ணின்னா உண்ணிக்கொல்லி, நெரிசல்னா பெட்டிகளைக் குறைக்கணும். தப்பான ஆளைப் பிடிச்சா மருந்துச் செலவும் வீண், தேனீயும் மிஞ்சாது. தேனீ அழிவுக்கு இதுதான் ஒரே காரணம்னு இனி எங்கேயாவது படிச்சீங்கன்னா, இந்தப் பழைய கேஸ்கட்டை ஒருதடவை நினைச்சுப் பாருங்க.