லேடாங் மலையின் இரு பக்கம்

ஜொகூரின் மிக உயர்ந்த மலை லேடாங். உயரம் 1,276 மீட்டர். வடக்கே செல்லும் பெரும்பாதைகள் அதன்மேல் ஏறுவதில்லை, சுற்றித்தான் போகின்றன. எந்தப் பக்கம் சுற்றின என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1909-இல் முடிந்த ஜொகூர் ரயில்பாதை குளுவாங், லாபிஸ், சிகாமட் வழியாக, மலைக்குக் கிழக்கே சென்று கிம்மாஸை அடைந்தது. நம் தோட்டங்களின் ரப்பரை ஏற்றிச் சென்ற பாதை அது. பழைய பெருஞ்சாலையும் யோங் பெங்கிலிருந்து லாபிஸ், சிகாமட் பக்கமே சென்றது.

1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு தெற்கு நெடுஞ்சாலையோ மலாக்காவை ஒட்டிச் சிரம்பான் செல்ல வேண்டியிருந்தது. ஆகவே யோங் பெங்கைத் தாண்டி, பாகோ, தங்காக் வழியாக மலைக்குத் தெற்கே போயிற்று. மூவார்காரர்களுக்கு அது வசதிதான். சிகாமட் தோட்டத்து மக்கள் மலாக்கா போக அந்தச் சாலையைப் பிடிக்க, முதலில் மலையடிவாரமாகத் தங்காக் வரை வரவேண்டும்.