சிகாசோவின் மதிலும் இரண்டு அரசுகளும்

மேற்காபிரிக்காவைப் பிரான்சியர் பிடித்த கதை வந்தால், "அவங்களிட்ட பீரங்கி இருந்தது, இவங்களிட்ட ஒற்றுமை இருக்கல்ல" என்று நம்மவர்கள் இலேசாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். பீரங்கி பற்றிச் சொல்வது சரி. ஒற்றுமை பற்றிச் சொல்வதைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1880களில் நைஜர் நதியின் மேற்பகுதியில் இரு அரசுகள் மோதின. ஒன்று, சமோரி தூரேயின் வசூலு. வியாபாரத்திலிருந்து போருக்கு வந்து நாடமைத்த சமோரி, 1884இல் 'அல்மாமி', அதாவது இமாம், என்ற பட்டத்தை ஏற்றார். மற்றது, இன்றைய மாலியின் தென்பகுதியிலிருந்த கெனெதுகு. அதன் மன்னர் தியேபா தராவோரே, தலைநகர் சிகாசோ. ஆண்ட இருவரும் முஸ்லிம்கள்தான்.

1887 மார்ச்சில் சமோரி பிரான்சியருடன் பிசண்டுகுவில் உடன்படிக்கை செய்தார். மேற்கு எல்லையில் இனிப் பயமில்லை என்ற துணிவில், அவ்வருடமே சிகாசோவை முற்றுகையிட்டார். ஓராண்டுக்கு மேலாகியும் தடித்த மண்மதில் அசையவில்லை. தூரத்து ஊர்களிலிருந்து தலைச்சுமையாகத் தானியம் வர வேண்டியிருந்தது. கொடுத்துக் களைத்த குடிமக்களை இஸ்லாத்துக்குள் வற்புறுத்தி இழுத்ததும் சேர, 1888இல் நாடே கிளர்ந்தெழுந்தது. சமோரி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். தியேபாவும் சும்மா இருக்கவில்லை. அவரும் பிரான்சியருடன் கைகோத்தார்.

இதைத் துரோகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. தியேபாவுக்கு வாசலில் நின்ற ஆபத்து சமோரி. பிரான்சியர் தூரத்திலிருந்த ஒரு பலம். சமோரியின் கணக்கும் அதுவேதான். 'ஆபிரிக்கர்' என்ற ஒரே அணியில் தாங்கள் நிற்பதாக இருவருமே நினைக்கவில்லை. அந்தப் பெயரைப் பின்னால் வந்த நாங்கள்தான் அவர்களுக்குச் சூட்டுகிறோம்.

ஆனால் கணக்கு பிழைத்தது. 1891இல் பிரான்சியர் சமோரியின் கங்கான் நகரைப் பிடித்தனர். அவர் நிலத்தை எரித்துக்கொண்டே கிழக்கே பெயர்ந்தார். அந்தச் சாம்பலில் பசித்திருந்தவர்கள் சாதாரண சனங்கள். 1898 மே 1இல், சமோரியால் உடைக்க முடியாத சிகாசோ மதிலைப் பிரெஞ்சுப் பீரங்கிகள் உடைத்தன. தியேபாவுக்குப் பின் ஆண்ட தம்பி பாபெம்பா, பிடிபடாமல் உயிர்விட்டார். அதே செப்டெம்பரில் சமோரியும் பிடிபட்டு, 1900இல் கபோனில் நாடுகடத்தலிலேயே மரணித்தார்.

இன்று கினியில் சமோரி ஒரு வீரர். சிகாசோவில் அவர் ஊரை வளைத்த எதிரி. அங்கே வீரர் பாபெம்பா. இரண்டு ஞாபகமும் மெய். ஒன்றை அழித்து மற்றதை எழுதினால் அது வரலாறாகாது.